ஒரு ரூபாய் அகலம், இருபது வயது

சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துச் செடியின் மேல் மெல்ல வைத்தார் அவர். செடி முழுசாக மறைந்துவிட்டது. "இருபது வருஷம் தாண்டியாச்சு" என்றார். பெருமையாகச் சொன்னாரா, சலித்துக்கொண்டாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மைசூரில் மானசகங்கோத்ரி வளாகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது அந்த மொட்டை மாடி. ஏப்ரல் மாதக் காலை. தூரத்தில் சாமுண்டி மலை வெயில் மூட்டத்தில் மங்கிக் கிடக்கிறது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு வேய்ந்த கூரைக்குக் கீழே இருநூறு தொட்டிகள். பாதிக்கு மேல் டீ கிளாஸைவிடப் பெரியவை அல்ல. அவருக்கு வயது எழுபத்தெட்டு. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேச்சு. ஆனால் படித்தது எல்லாம் கன்னடமும் ஆங்கிலமும். தமிழ் எழுத்து தெரியாது. தன் பெயரைப் போடக்கூடாது என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. அதற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

நான் மைசூருக்குப் போனது செடி பார்க்க அல்ல. 1969ல் தொடங்கிய இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பவர்கள் எப்போதாவது அங்கே போய்த்தான் ஆக வேண்டும். தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஊரோடு இன்னொரு பந்தமும் இருந்தது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல்லாண்டுகள் இங்கேதான் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றச் சொல்லி 2021ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மங்கிப்போன எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் படித்துத் தலைவலி வாங்கிக்கொண்ட நாட்கள் எனக்கு நினைவிருக்கின்றன.

இந்தத் தடவை தலைவலி ஒரே ஒரு சொல்லால் வந்தது. மெக்சிகோவில் நடக்கும் ஒரு கதை. அதில் ஒரு கேக்டஸ். நான் 'கள்ளி' என்று போட்டிருந்தேன். பக்கத்தில் இருந்த கன்னட நண்பரும் 'கள்ளி' என்றே போட்டிருந்தார். மலையாளக்காரரும் அப்படியே. மூன்று மொழி ஒத்துப்போன மகிழ்ச்சி ஐந்து நிமிடம்கூட நீடிக்கவில்லை. சும்மா கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாவரவியல் ஆசிரியர், "மூணு பேரும் தப்பு" என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, சந்தேகம் இருந்தால் இந்த மாடிக்குப் போய்ப் பாருங்கள் என்று வழி சொன்னார்.

தப்புதான். சங்கப் பாட்டில் பாலை நிலத்து வழியோரம் நிற்கும் கள்ளி வேறு குடும்பம். சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி எல்லாம் அந்தக் குடும்பம்தான். ஒடித்தால் பால் வடியும். கண்ணில் பட்டால் ஆபத்து. கேக்டஸ் என்பது அமெரிக்கக் கண்டங்களின் சொத்து. இலங்கைக் காடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் மரத்தில் தொற்றித் தொங்கும் முள்ளில்லாத ஒரே ஒரு இனம் மட்டும் விதிவிலக்கு. இரண்டும் வறண்ட மண்ணில் வாழப் பழகி, இலையைத் துறந்து, தண்டில் தண்ணீர் சேர்த்து, பார்வைக்கு ஒன்றுபோல் ஆகிவிட்டன. உறவு எதுவும் கிடையாது. நம் பக்கத்து வறண்ட காடுகளில் கள்ளிமுளையான் என்று ஒன்று வளர்கிறதே, மக்கள் பறித்து மென்று தின்பது, அது கள்ளியும் இல்லை, கேக்டஸும் இல்லை. எருக்கின் உறவு.

"பாலை நம்பாதீங்க, கேக்டஸ்லயும் சிலது பால் விடும்" என்றார் பெரியவர். வேறு எதைப் பார்ப்பது? பூதக்கண்ணாடியைக் கொடுத்து ஒரு செடியைக் காட்டினார். முள் தண்டிலிருந்து நேராகக் கிளம்பவில்லை. பஞ்சு ஒட்டினாற்போல ஒரு சின்ன மெத்தை. அதிலிருந்துதான் முள்ளும் பூவும் கிளையும் வருகின்றன. அந்த மெத்தை இருந்தால் கேக்டஸ்; இல்லையென்றால் இல்லை. "இதுக்குத் தமிழ்ல என்ன?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்து, கண் என்று சொல்லலாம் என்றேன். கரும்பில் கணுவுக்குக் கணு இருக்கிறதே, உருளைக்கிழங்கில் முளை வருகிறதே, அந்தக் கண். அவருக்குத் திருப்தி. செடிநூலின்படியும் அது சரிதான். அந்த மெத்தை, இலைக்கக்கத்து மொட்டு உருமாறியதுதான்.

பெயர்கள் கலந்துபோனதற்கு நம்மை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. கிரேக்கர்கள் 'காக்டோஸ்' என்றது சிசிலியில் விளைந்த ஏதோ ஒரு முட்செடியை. பதினெட்டாம் நூற்றாண்டில் லின்னேயஸ் அந்தப் பழைய பெயரை எடுத்து அமெரிக்கச் செடிகளுக்குச் சூட்டிவிட்டார். நாம் செய்ததும் அதேதான்: கடல் கடந்து வந்த தட்டைத்தண்டுச் செடியைப் பார்த்து, தெரிந்த கள்ளி என்ற சொல்லையே கொடுத்து, முன்னால் ஓர் அடைமொழி வைத்தோம். கன்னடத்தில் அது பாபாசுகள்ளி; பாபாசு என்றால் செருப்பு. தமிழில் சப்பாத்துக்கள்ளி, சப்பாத்து என்பது போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த சொல், இலங்கைத் தமிழர் இன்றும் காலணியைச் சொல்லும் சொல். சப்பாத்திக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் நினைக்கிறேன். இரண்டு மொழிக்காரர்களும் ஒரே செடியைப் பார்த்துக் காலைத்தான் நினைத்திருக்கிறார்கள். இதற்குப் பதில் மரியாதையாக, மலபார்ப் பக்கத்துத் திருகுகள்ளி டச்சுக்காரர் வான் ரீடின் 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூல் வழியாக லத்தீனுக்குள் நுழைந்து 'திருகல்லி' என்றே உட்கார்ந்திருக்கிறது.

நாணயத்தால் மறைந்த செடிக்கு வருகிறேன்.

பெரியவருக்கு ஒரு நண்பர் இருந்தார். அவரும் மைசூர்தான், அவரும் கள்ளிப் பைத்தியம். 2008ல் நண்பர் திடீரென்று இறந்துபோனார். காரியம் முடிந்த கையோடு வீட்டார் மாடியைக் காலி செய்தார்கள். எடுத்துப்போக வசதியாக இருக்கட்டும் என்று யாரோ ஒரு நல்ல மனிதர் தொட்டிகளைத் துடைத்து, குத்தியிருந்த பெயர்ச்சீட்டுகளை எல்லாம் பிடுங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாகப் போட்டு வைத்தார். ஒரு பக்கம் செடிகள், ஒரு பக்கம் பெயர்கள். "அந்த டப்பாவைப் பார்த்தப்பதான் எனக்கு அழுகை வந்தது" என்றார்.

பெரிய செடிகளுக்குப் பெயரைத் திருப்பி ஒட்டுவது சிரமமாக இல்லை. சங்கடம் சின்னதுகளில்தான். ஒரு தொட்டியில் ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் சாம்பல் பச்சை நிறத்தில் மூன்று மணிகள். முள் இருந்ததாகவே தெரியவில்லை. டப்பாவில் மிஞ்சிய சீட்டுகளில் பொருத்தமானவை மூன்று: லோபோபோரா, ஸ்ட்ராம்போகேக்டஸ், அஸ்டெக்கியம். எல்லாம் மெக்சிகோச் செடிகள். எல்லாம் சின்னவை, மெதுவாக வளர்பவை. இளம் வயதில் மூன்றும் பச்சைப் பட்டாணிதான். ஏதாவது ஒன்று வேண்டுமே என்று லோபோபோரா சீட்டைக் குத்தி வைத்தார். அதுதான் அவர் செய்த பிழை.

லோபோபோரா என்பது பெயோட்டே. மெக்சிகோப் பழங்குடிகள் வழிபாட்டில் உண்பது. அதில் உள்ள மெஸ்கலின் இந்தியாவின் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஒரு நாள் செடி பார்க்க வந்த இளைஞர் ஒருவர் சீட்டைப் படித்துவிட்டு, "சார், இதை விப்பீங்களா?" என்று கேட்ட கேள்வியில் ஏதோ சரியாக இல்லை. அடுத்த வாரம் இன்னும் இரண்டு பேர். வங்கியில் முப்பது ஆண்டுக்கு மேல் கை சுத்தமாக வேலை பார்த்த மனிதருக்கு இரவில் தூக்கம் போயிற்று. மருமகள் தொட்டியைக் குப்பையில் போடச் சொன்னார். "போட்டிருப்பேன். ஆனா அது அவன் கையால விதைச்சது இல்லையா?"

அப்போதுதான் அவர் உட்கார்ந்து அந்தச் செடியைப் படிக்க ஆரம்பித்தார். முதல் துப்பு, வளர்ச்சி. பெயோட்டே மெதுவானதுதான், ஆனால் ஐந்தாறு ஆண்டு போனால் நன்றாகவே பருக்கும். இது அசையவில்லை. மூன்று மணிகளில் ஒன்று 2010 மழையில் அழுகிற்று. ஒன்று அதற்கடுத்த கோடையில் காய்ந்தது. மிஞ்சியது ஒன்று. வேரைத் தோண்டிப் பார்த்தால் பெயோட்டேதானா என்று தெரிந்திருக்கும். முள்ளங்கி போலத் தடித்த ஆணிவேர் அதற்கு உண்டு. கடைசி ஒற்றைச் செடியைத் தோண்ட அவருக்கு மனம் வரவில்லை. இரண்டாவது துப்பு, தோல். பெயோட்டேயின் தோல் வழுவழு என்றிருக்கும். கண்ணுக்குக் கண் ஒரு கொத்து மயிர். ஸ்ட்ராம்போகேக்டஸ் பம்பரம் மாதிரி. அதன் உடம்பு சாய்சதுரக் குமிழ்கள் சுழன்று சுழன்று அடுக்கியது. இவருடைய செடியிலோ, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டியபோது, விலா விலாவாகப் பிரிந்து, ஒவ்வொரு விலாவிலும் குறுக்கே கிழவியின் கைச்சுருக்கம் போல மடிப்புகள் விழத் தொடங்கின. பிறகு இரண்டு விலாக்களுக்கு நடுவே, கண் இல்லாத ஒல்லியான இன்னொரு விலா முளைத்தது. அந்த நடு விலாதான் முடிவு சொன்னது. அது அஸ்டெக்கியம் ரிட்டெரியின் அடையாளம்.

பூ வந்தால் தெளிவாகிவிடும் என்று காத்திருந்தாராம். வந்தது, 2016ல். நடு உச்சியின் பஞ்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத வெள்ளைப் பூ, ஓரத்தில் இளஞ்சிவப்புச் சாயல். ஆனால் பெயோட்டேயின் பூவும் இளஞ்சிவப்புதான். பூவை மட்டும் பார்த்துச் சொல்பவர்களை நம்பக்கூடாது என்பது அவர் கட்சி. கடைசி முத்திரை 2019ல் கிடைத்தது. நண்பரின் மகள் வீடு மாற்றும்போது ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் 2004 ஆகஸ்டில் ஒரு வரி: அஸ்டெக்கியம் ரிட்டெரி, விதை பன்னிரண்டு, முளைத்தது மூன்று.

இதன் சொந்த ஊர் வடகிழக்கு மெக்சிகோவில் நுவோ லியோன் மாநிலம், ரயோனெஸ் ஊரை ஒட்டிய மலை இடுக்குகள். பிரெடரிக் ரிட்டர் என்ற ஜெர்மானியர் கண்டெடுத்தார். அங்கேயும் பெயரில் தடுமாற்றம் உண்டு. 1928ல் வேறொரு பேரினத்தில் சேர்த்து அறிவித்த பொடெக்கர் என்பவரே 1929ல் இதற்கென்று தனிப் பேரினம் படைத்தார். மடிப்புகளைப் பார்த்து அஸ்டெக் சிற்பங்கள் நினைவுக்கு வந்தனவாம். செங்குத்தான சுண்ணாம்பு, ஜிப்சப் பாறையில், மற்றச் செடி எதுவும் ஒட்ட முடியாத இடத்தில் ஒட்டிக்கொண்டு வாழும். போட்டியே இல்லாத இடத்தில் அவசரம் எதற்கு?

மைசூரில் அதை வாழவைப்பது எப்படி? வெயில் பிரச்சினை இல்லை. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 770 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். கோடையில் 35 டிகிரியைச் சுற்றி நிற்கும், மார்கழியில் குளிர் கடிக்காது. எதிரி மழைதான். மே மாதம் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை வெளுத்து வாங்கும். தசரா ஊர்வலம் முடிகிற நாட்களில் இவர் மாடியை விட்டு இறங்குவதே இல்லை. கூரை போட்ட பிறகுதான் நிம்மதி. மண் என்று சொன்னால் கோபித்துக்கொள்கிறார். தொட்டியில் இருப்பது முக்கால் பங்கு பொடித்த செங்கல், சுண்ணாம்புக்கல் சில்லு, அடுப்புக்கரித் தூள்; உரக்கடையில் கிடைக்கும் ஜிப்சம் ஒரு சிட்டிகை. சாணம், இலைமக்கு எதுவும் கூடாது. கொழுத்தால் வெடித்துவிடும். தண்ணீர், கோடையில் பத்து நாளுக்கு ஒரு தரம், தொட்டியைத் தட்டில் வைத்துக் கீழிருந்து. தை மாசியில் அதுவும் இல்லை. நடுப்பகல் வெயில் நேராகப் பட்டால் செம்பு நிறமாகிச் சுருங்கும். மெல்லிய நிழல்வலை போதும்.

விதையிலிருந்து வளர்ப்பது வேறு கதை. பெங்களூர் நண்பர் ஒருவர் தன் செடிகளில் எடுத்துக் கொடுத்த விதைகளைக் காட்டினார். பக்கத்தில் ஒரு கேழ்வரகு மணியை வைத்தார். மணி மலைபோலத் தெரிந்தது. விதை வெறும் தூசு. குக்கரில் அவித்த கலவையை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நிரப்பி, ஆறவைத்த வெந்நீர் தெளித்து, விதையை மேலே தூவி, மண் போடாமல் இறுக மூடிவிட வேண்டும். பல மாதம் திறக்கவே கூடாது. பாசியும் பூஞ்சையும் நுழைந்தால் ஆட்டம் முடிந்தது. ஓராண்டு கழித்தும் நாற்று கேழ்வரகு அளவை எட்டியிருக்காது. அவருடைய டப்பா ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நான் நாற்று என்று எண்ணியவற்றில் பாதி மணல் என்று திருத்தினார்.

குறுக்கு வழி இருக்கிறது: ஒட்டுக்கட்டுவது. கர்நாடகத்தில் இப்போது எங்கு பார்த்தாலும் டிராகன் பழத் தோட்டம். அந்தத் தண்டும் கேக்டஸ்தான். அதன் நுனியைச் சீவி நாற்றை ஒட்டிவைத்தால் பல ஆண்டு வளர்ச்சி சில மாதங்களில் நடந்துவிடும். நர்சரிகளில் பச்சைத் தண்டின் தலையில் சிவப்புப் பந்து வைத்து விற்கிறார்களே, அதே தொழில்நுட்பம். பெரியவர் செய்வதில்லை. "ஊதிப்போன பலூன் மாதிரி ஆயிடும். அது அஸ்டெக்கியமே இல்லை" என்கிறார். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. அழியும் நிலையில் உள்ள செடியை ஒட்டுக்கட்டியாவது ஆயிரமாகப் பெருக்கி மலிவாக விற்றால், மலையில் இருப்பதைப் பெயர்க்க யார் மெனக்கெடுவார்கள்? சொன்னேன். "நீங்க பத்திரிகைக்காரங்க, அப்படித்தான் பேசுவீங்க" என்று சிரித்துவிட்டார்.

பெயர்க்கிறார்கள் என்பது உண்மை. உலகின் ஏறத்தாழ 1,480 கேக்டஸ் இனங்களை ஆராய்ந்து 2015ல் வெளியான மதிப்பீடு 31 சதவீதம் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது. முக்கியக் காரணங்களில் ஒன்று சேகரிப்பவர்களின் ஆசை. 2020ல் இத்தாலியில் ஒருவரிடமிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட செடிகளைப் பறிமுதல் செய்தார்கள். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் பிடுங்கியவை. அவையும் இப்படி மெள்ள வளர்பவைதான். பல, மனித ஆயுளைவிட மூத்தவை. அடுத்த ஆண்டு எண்ணூற்றுக்கு மேற்பட்டவை சிலிக்குத் திரும்பின. அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தத்தில் அஸ்டெக்கியம் ரிட்டெரி மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. இந்தியாவும் 1976 முதல் அதில் உறுப்பு நாடு. அந்தப் பட்டியல்களை 2022ல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் தனி அட்டவணையாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. செய்தி கேட்டதும் பெரியவர் தன் செடிக்கு ஏதாவது எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று ஓர் அலுவலகத்தில் விசாரிக்கப் போனார். அங்கே கேட்ட முதல் கேள்வி, செடியின் பெயர் என்ன? இரண்டாவது, எங்கிருந்து வந்தது? நண்பரின் நோட்டுப் புத்தகம் மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் இரண்டாவதற்கு அவரிடம் பதிலே இருந்திருக்காது.

பெயரைப் போட வேண்டாம் என்றதற்குக் காரணமும் இதுதான். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி மாடியில் நான்கு தொட்டிகள் காணாமல் போயின. எடுத்தவருக்கு எது விலை போகும் என்று தெரிந்திருக்கிறது. ரூபாய் அகலச் செடி தப்பியதற்கு, அதன்மேல் அப்போதும் குத்தியிருந்த தவறான சீட்டு காரணமா, கண்ணுக்கே படாத அதன் உருவம் காரணமா என்று அவருக்குத் தெரியவில்லை. "சரியான பேர் தெரிஞ்சும் சீட்டை மாத்தலையா?" என்று கேட்டேன். சோம்பல் என்றார். பயம் என்று எனக்குப் பட்டது.

கூரைக்கு வெளியே, கைப்பிடிச் சுவர் ஓரம் ஒரு சப்பாத்துக்கள்ளி நின்றது. அதன் மட்டையில் வெள்ளைப் பஞ்சு போல ஏதோ ஒட்டியிருந்தது. பெரியவர் ஒரு குச்சியால் நசுக்கிக் காட்டினார், ரத்தச் சிவப்பு. பெயர் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அவர் வைத்திருக்கும் கதை அதில்தான் இருக்கிறது. கொச்சினீல் என்ற சிவப்புச் சாயம் ஒரு கேக்டஸ் பூச்சியிலிருந்து வருவது, ஸ்பெயினின் ஏகபோகம். திப்பு மைசூரை ஆண்ட காலத்தில், அந்தப்பக்கம் சென்னையில் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் அந்தச் சாயத்துக்காக அலைந்தார். புல்லில் கண்ட ஏதோ ஒரு பூச்சியை அதுதான் என்று நினைத்து லண்டனுக்குக் கடிதம் எழுதினார். இல்லை என்று ஆனதும் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். 1795ல் பிரேசிலிலிருந்து ஒரு கப்பலில் பூச்சி வந்துசேர்ந்தது. அதுவும் தவறான பூச்சி, சாயம் மட்டம். ஆனால் பசி அபாரம். 1830களில் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, காடாகப் பரவியிருந்த ஒரு சப்பாத்துக்கள்ளி இனத்தையே தின்று தீர்த்தது. களையைப் பூச்சி கொண்டு அழித்ததற்கு உலகின் முதல் வெற்றியாக இன்று பாடப் புத்தகங்களில் இருப்பது இந்தத் தப்புதான். மற்றோர் இனத்தை அது தொடவில்லை. அதற்கு 1920களில் இலங்கை வழியாக வேறு பூச்சி வர வேண்டியிருந்தது. பூச்சிக்கு இனம் பிரிக்கத் தெரிகிறது, நமக்குத்தான் தெரியவில்லை என்று சொல்லி, நசுங்கிய சிவப்பைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும் நேரம். கீழே காபி குடிக்கும்போது ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் சீட்டையும் பென்சிலையும் கொண்டுவந்து வைத்தார். பேனா வெயிலில் வெளிறும், பென்சில் நிற்கும். கோயம்புத்தூரில் பேத்தி இருக்கிறாள். தனக்குப் பிறகு தொட்டிகள் அவளுக்கு. பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தவள். "நீங்க எழுதிக் குடுங்க, அவளுக்குப் புரியற மாதிரி."

'அஸ்டெக்கியம் ரிட்டெரி' என்று எழுதினேன். கீழே, '2004 ஆகஸ்ட், விதையிலிருந்து, மைசூர்'. ஊரின் பெயரை 2014ல் மைசூரு என்று மாற்றிவிட்டார்களே என்று ஒரு கணம் தயங்கி, விதைத்தபோது மைசூர்தானே என்று விட்டுவிட்டேன். நண்பரின் பெயரையும் சேர்க்கச் சொன்னார், சேர்த்தேன். படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"கள்ளின்னு எங்கயும் வரலையே?"

அது கள்ளி இல்லை என்று காலையிலிருந்து நீங்கள்தானே சொல்கிறீர்கள் என்றேன்.

"அது உங்களுக்குச் சொன்னது. குழந்தைக்கு எப்படித் தெரியும்? ஓரத்துல சின்னதா போடுங்க."

சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் போட்டேன்.